எட்டு மாதம் தாமதமான ஒரு படிவம்: ஆங்கில மேஜர் மாணவி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலத்தை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, அறிவிக்க ஐந்து நிமிடம் போதும். இணையத்தில் ஒரு படிவம், துறையிலிருந்து ஓர் ஒப்புதல், பதிவாளர் அலுவலகக் கணினியில் ஒரு வரி மாற்றம். அந்த ஐந்து நிமிட வேலையை எட்டு மாதம் தள்ளிப்போட்ட மாணவி ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவர் குறித்த காலத்திலேயே பட்டம் பெற்றுவிட்டார். ஆனால் அந்த எட்டு மாதமும் எங்கெங்கோ சுற்றி வட்டியோடு திரும்பி வந்ததை, அவருடைய ஆலோசகராக அருகிலிருந்து பார்த்தேன். நடந்த இடம் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எதை அறிவிக்கிறார்கள்

சேரும் நாளிலேயே துறை முடிவாகிவிடும் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு விளங்கச் சற்று நேரமாகும். நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டத்துக்குப் பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 120 செமஸ்டர் கிரெடிட், அதாவது படித்த பாடங்களை அளக்கும் அலகு, கேட்கின்றன. ஒரு பாடம் வழக்கமாக 3 கிரெடிட். இந்த 120இல் ஒரு பகுதி எல்லா மாணவர்களுக்கும் பொதுவான பாடங்கள், ஒரு பகுதி மேஜர், எஞ்சியது அவரவர் விருப்பம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள், ஏறக்குறைய 60 கிரெடிட் சேரும்போது, மேஜரை அறிவித்துவிட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர் தமக்குப் பிடித்த பாடங்களைத் தாமே பொறுக்கிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். பலர் அறிமுகப் பாடங்களாகவே பொறுக்கிச் சேர்த்துப் பட்டத்தோடு வெளியே போனார்கள். 1909இல் அவருக்கு அடுத்துத் தலைவரான லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரவல் என்று கடிவாளம் போட்டார். இன்றைய ஆங்கிலத் துறையின் விதிப்பட்டியலிலும் அந்தக் கடிவாளம் தெரிகிறது.

இந்த மாணவியின் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மேஜர் என்றால் 12 பாடங்கள், 36 கிரெடிட். நுழைவுப் பாடம் ஒன்று. பிரிட்டிஷ் இலக்கியத்தின் இரு பாகங்களும் அமெரிக்க இலக்கியமும் சேர்ந்த பரப்புப் பாடங்கள் மூன்று. 1800க்கு முந்தைய இலக்கியத்தில் மேல்நிலைப் பாடங்கள் இரண்டு. இலக்கியக் கோட்பாடு ஒன்று. விருப்பப் பாடங்கள் நான்கு. இறுதியாண்டுக் கருத்தரங்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் 'சி' தரத்துக்குக் குறையக் கூடாது. மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் பதிவாகும் முறையில் எடுத்த பாடம் மேஜரில் சேராது. இந்தக் கடைசி விதியைப் பின்னால் மறுபடி சந்திப்போம்.

உயிரியல் என்ற முகமூடி

மாணவி உயிரியல் மேஜராகச் சேர்ந்தவர். மருத்துவக் கல்லூரிக்குப் போவது வீட்டில் எப்போதோ முடிவாகியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் எழுதிய ஏ.பி. (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) ஆங்கில இலக்கியத் தேர்வில் 5க்கு 5 வாங்கியிருந்தார். அதற்குப் பல்கலைக்கழகம் 3 கிரெடிட் கொடுத்தது. அந்த 3 மேஜரிலும் ஒரு பாடத்தைக் குறைக்கும் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். குறைக்காது. பொதுப் பாடங்களின் கணக்கில் மட்டும்தான் சேரும். பல துறைகளில் இதுதான் நடைமுறை.

முதலாண்டில் பொதுப் பாடத் தேவைக்காகப் பிரிட்டிஷ் இலக்கியத்தின் இரண்டாம் பாகத்தையும், மூன்றாம் செமஸ்டரில் அமெரிக்க இலக்கியத்தையும் எடுத்தார். அதே மூன்றாம் செமஸ்டரில் கரிம வேதியியலிலிருந்து பாதியில் விலகினார். டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், விலகலைக் குறிக்கும் 'டபிள்யூ' என்ற எழுத்து விழுந்தது. நான்காம் செமஸ்டரில் அதே வேதியியலை மீண்டும் எடுத்தார். அதைக் காப்பாற்றுவதற்காக 12 கிரெடிட்டோடு நிறுத்திக்கொண்டார். ஆசைக்குக் கவிதை பற்றிய ஒரு பாடத்தைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் அதன் மதிப்பெண் சராசரியைத் தொடாதபடி, தேர்ச்சி, தோல்வி முறையில் எடுத்தார். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பார். புத்திசாலித்தனமான முடிவு என்றுதான் அப்போது நானும் நினைத்திருப்பேன்.

அந்தக் கவிதை வகுப்பில்தான், ஏப்ரல் மாதம் ஒரு நாள், தான் எங்கே இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது என்று பின்னாளில் சொன்னார். படிவத்தை நிரப்பியது டிசம்பரில்.

மேஜரை அறிவிக்காத மாணவர் 60 கிரெடிட்டைத் தாண்டினால், அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாதபடி கணினி பூட்டுப் போட்டுவிடும். ஆலோசகரைப் பார்த்தால்தான் பூட்டுத் திறக்கும். முடிவெடுக்காதவர்களைப் பிடித்து உட்காரவைக்கவே இந்த ஏற்பாடு. இவர் அந்த வலையில் சிக்கவில்லை. ஏடுகளில் இவருக்கு உயிரியல் என்ற மேஜர் இருந்ததே! முடிவே எடுக்காதவரை ஆறு மாதத்தில் கண்டுபிடிக்கும் அமைப்புக்கு, மனம் மாறிவிட்டுச் சொல்லாமல் இருப்பவரைக் கண்டுபிடிக்க வழியில்லை. என் அனுபவத்தில், இலக்கியத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் இப்படி வேறொரு துறையின் முகமூடிக்குள்தான் இருக்கிறார்கள்.

தந்தையின் தொலைபேசி

தாமதத்துக்குக் காரணம் வீடு. அதில் வியப்பில்லை. மகள் சொல்வதற்கு முன்பே தந்தைக்கு ஏதோ தெரிந்துவிட்டது. நேராக என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், நீங்களும் தமிழர்தானே, ஒரு தகப்பனாகக் கேட்கிறேன், அவள் வேதியியலில் என்ன வாங்கியிருக்கிறாள்?" என்றார். என்னால் சொல்ல முடியாது. 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, மாணவர் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் கல்வி ஏடுகள் மீதான உரிமை அவருக்கே போய்விடுகிறது. மாணவியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் என்னிடம் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, மகளோடு சேர்ந்து வந்தால் மூவரும் பேசலாம் என்றேன். தமிழில் இதைச் சொல்வது ஆங்கிலத்தில் சொல்வதைவிடக் கடினமாக இருந்தது.

வந்தார்கள். தந்தையின் கேள்வி நேர்மையானது: இதைப் படித்தால் என்ன வேலை? நான் சொன்ன பதில் இரண்டு. மருத்துவக் கல்லூரிகள் மேஜரைப் பார்த்துச் சேர்ப்பதில்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று அவை கேட்கும் பாடங்களை முடித்தவர் எந்த மேஜரிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். 1989இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹரால்டு வார்மஸ் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடித்து, ஹார்வர்டில் அதே துறையில் முதுகலையும் படித்த பிறகுதான் மருத்துவத்துக்குப் போனார். இந்தத் தகவல் தந்தைக்குப் பிடித்தது. மகளுக்குப் பிடிக்கவில்லை. தனக்கு மருத்துவத்துக்குப் போகும் எண்ணமே இல்லை என்றார். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இரண்டாவது பதில், மாணவி அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் என்பது. எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் படிப்பவராக இருந்திருந்தால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். பட்டத்துக்குப் பின் வேலைப் பயிற்சிக்குக் கிடைக்கும் 12 மாதத்தோடு, அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும். ஆங்கிலம் அந்தப் பட்டியலில் இல்லை. மேஜரை மாற்றினால், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுக்கும் ஐ-20 ஆவணத்தையும் திருத்த வேண்டும். விசாவில் இருப்பவர் இந்தக் கணக்கைப் பார்க்காமல் படிவத்தைத் தொடவே கூடாது.

சமாதானம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சில மாதம் கழித்து நுழைவுப் பாடத்தில் பதினான்கு வரிக் கவிதை ஒன்றை மூன்று வாரம் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட தந்தை, பதினான்கு வரிக்கு மூன்று வாரமா என்று கேட்டிருக்கிறார். ஏழு சீருள்ள குறளுக்குப் பதின்மர் உட்கார்ந்து உரை எழுதவில்லையா என்று மகள் திருப்பிக் கேட்டாராம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்தவர் தந்தைதான்.

நான்கு மாதத்தில் கட்டாயமான இரண்டு பாடம்

டிசம்பரில் படிவம் போன அன்று கணக்கு இப்படி இருந்தது. மொத்தம் 72 கிரெடிட் கையில் இருந்தது. அறிவியல் பாடங்கள் எதுவும் வீணாகவில்லை. அவை விருப்பப் பகுதிக்கு நகர்ந்து 120இல் சேர்ந்துகொண்டன. மேஜர் மாறினால் படித்ததெல்லாம் போய்விடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது, பெரும்பாலும் தேவையற்ற பயம் அது. ஆனால் ஆங்கிலத்தில் எண்ணிக்கைக்கு வந்தவை மூன்றே பாடங்கள்: இரண்டு பரப்புப் பாடங்கள், ஐந்தாம் செமஸ்டரில் எடுத்த நாவல் பாடம். கவிதைப் பாடம் சேரவில்லை. இன்னும் ஒன்பது பாடம், மூன்று செமஸ்டர்.

உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. மாணவர் எந்த ஆண்டின் விதிப்புத்தகத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதை இங்கே 'கேட்டலாக் ஆண்டு' என்பார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் மேஜரை அறிவிக்கும் நாளில் எது நடப்பிலிருக்கிறதோ அதுவே செல்லும். அந்த ஆகஸ்டில் துறை தன் விதிகளைத் திருத்தியிருந்தது. பழைய விதிப்படி 1800க்கு முந்தைய இலக்கியத்தில் ஒரு பாடம் போதும், கோட்பாடு கட்டாயமில்லை. அந்த இடங்களை விருப்பப் பாடங்களால் நிரப்பலாம். புதிய விதியில் அங்கே இரண்டு, கோட்பாடும் கட்டாயம். மொத்தம் 12 என்பது மாறவில்லை. விருப்பம்போல் எடுத்திருக்கக்கூடிய இரண்டு இடங்கள் கட்டாயமாகிவிட்டன, அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் விருப்பப் பாடம் எல்லாச் செமஸ்டரிலும் பத்துக் கிடைக்கும். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரைப் பற்றிய பாடம் இரண்டாண்டுக்கு ஒரு முறைதான் வரும்.

ஆங்கில மேஜர் தளர்வானது, எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வேதியியலைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படிகள் இதில் குறைவு என்பது சரி. ஆனால் இருக்கும் சில படிகள் கண்ணுக்குத் தெரியாது. நுழைவுப் பாடத்தை முடிக்காமல் கருத்தரங்கில் சேர முடியாது. கருத்தரங்கு வசந்த செமஸ்டரில், அதாவது ஆண்டின் முற்பாதியில், மட்டும். ஷேக்ஸ்பியர் இலையுதிர் செமஸ்டரில் மட்டும். ஆகவே நாங்கள் கடைசியிலிருந்து பின்னோக்கி எழுதினோம். எட்டாம் செமஸ்டர்: கருத்தரங்கு, 1800க்கு முந்தைய இரண்டாவது பாடம், ஒரு விருப்பப் பாடம். ஏழாவது: 1800க்கு முந்தைய முதல் பாடமாக ஷேக்ஸ்பியர், கோட்பாடு, ஒரு விருப்பப் பாடம். ஆறாவது: நுழைவுப் பாடம், பிரிட்டிஷ் முதல் பாகம், ஒரு விருப்பப் பாடம். ஒன்பதும் உட்கார்ந்துவிட்டன. ஒரு பாடம் நழுவினாலும் ஒன்பதாவது செமஸ்டர்.

இளம் அறிவியல் பட்டத்திலிருந்து கலைப் பட்டத்துக்கு மாறியதால் பிறமொழித் தேவை ஒன்றும் புதிதாக முளைத்தது. அதைத் தமிழ் தீர்த்துவைத்தது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றிருந்தார், திறன் தேர்வு எழுதினார், விலக்குக் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் வாய்தவறி என்னை "அங்கிள்" என்று அழைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் செய்த பிழை

இறுதியாண்டு அக்டோபரில் பட்டத்துக்கு விண்ணப்பித்தார். நான்கு ஆண்டு முடிந்தால் பட்டம் தானாக வந்துவிடாது. விண்ணப்பிக்க வேண்டும், பதிவாளர் அலுவலகம் ஒவ்வொரு தேவையாகத் தணிக்கை செய்யும். அறிக்கை வந்தது. மேஜர் திட்டமிட்டபடி நிறைவாகும். பொதுப் பாடங்கள் நிறைவு. மொத்தக் கிரெடிட்: 117.

மூன்று எங்கே போயிற்று? என்னுடைய தாளில் இருந்தது. தமிழ்த் தேர்வுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது விலக்கு மட்டுமே. நான் அதற்கு எதிரே 3 கிரெடிட் என்று குறித்துவைத்திருந்தேன். தேவை தீர்வது வேறு, கிரெடிட் சேர்வது வேறு; இதை எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், என் தாளில் நானே தவறவிட்டேன். மேஜரின் பன்னிரண்டையும் விரல்விட்டு எண்ணுபவர்கள் 120ஐ எண்ண மறப்பது வழக்கம். ஆலோசகரும் அதில் அடக்கம்.

தீர்வு எழுத்துப் பயிற்சி மையத்தில் கிடைத்தது. மற்ற மாணவர்களின் கட்டுரைகளைப் பார்த்து ஆலோசனை சொல்லும் பயிற்சிக்கு 3 கிரெடிட் உண்டு. எட்டாம் செமஸ்டர் 15லிருந்து 18 ஆயிற்று.

இரண்டு மனுக்கள்

டிசம்பர் நடுவில் அடுத்த அடி. வசந்தத்தில் அவர் பதிவு செய்திருந்த 17ஆம் நூற்றாண்டுக் கவிதைப் பாடம் ரத்தாகிவிட்டது. போதிய மாணவர் இல்லை. அந்தச் செமஸ்டரில் 1800க்கு முந்தைய வேறு பாடமும் இல்லை.

இதைத் துறையின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. 1970–71இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 64,000 பேர் ஆங்கிலத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார்கள். 2020–21இல் அந்த எண்ணிக்கை 36,000க்கும் கீழே வந்துவிட்டது. இடையில் எல்லாத் துறைகளும் சேர்ந்த பட்டங்களோ ஏறக்குறைய 8.4 லட்சத்திலிருந்து 20 லட்சத்துக்கு மேல் போயின. மேஜர்கள் குறைந்தால் முதலில் காலியாவது பழைய இலக்கிய வகுப்புகள்தான். அவற்றைக் காப்பாற்றத் துறை அவற்றைக் கட்டாயமாக்குகிறது. கட்டாயமாக்கியும் ஆள் சேராமல் நிர்வாகம் ரத்து செய்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது விதிக்குக் கட்டுப்பட்ட மாணவர்.

மாற்றுப் பாடம் கேட்டு மனுக் கொடுக்கலாம். அந்த வசந்தத்தில் ஆங்கில மொழி வரலாறு என்ற மேல்நிலைப் பாடம் இருந்தது. அதை 1800க்கு முந்தையதாக ஏற்கும்படி மாணவி எழுதினார். முதல் மனு ஒரு பக்கம்: பாடம் ரத்தானது தன் தவறல்ல, பட்டம் தள்ளிப்போகும், ஒரு செமஸ்டர் கட்டணம் கூடும். எல்லாம் உண்மை. இளங்கலைப் படிப்புகளுக்குப் பொறுப்பான பேராசிரியர் மறுத்துவிட்டார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்த மனுவில் மாணவியின் நெருக்கடி இருந்தது, பாடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு எந்தப் பாடத்துக்கும் எந்தப் பாடத்தையும் மாற்றிவிடலாம்.

இரண்டாவது மனுவை நாங்கள் பாடத்திட்டத்தை மேசையில் விரித்துவைத்து எழுதினோம். பதினான்கு வாரத்தில் பதினொன்று 1800க்கு முந்தையவை. பழைய ஆங்கிலத்தின் இலக்கணம். 1066இல் நார்மன்கள் வந்தபின் நிர்வாகத்திலும் சமையலறையிலும் புகுந்த பிரெஞ்சுச் சொற்கள். இடைக்கால ஆங்கிலத்தின் வட்டார வழக்குகள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தபோது எந்த ஊர் எழுத்துமுறையில் அச்சிடுவது என்று எழுந்த சிக்கல். நெடில் உயிர்களின் உச்சரிப்பெல்லாம் இடம் மாறிய பெரும் மாற்றம். இறுதிக் கட்டுரையை 14ஆம் நூற்றாண்டின் ஒரு கவிதைப் பகுதியின் வட்டார வழக்கைப் பற்றி எழுதுவதாகவும், அதற்குப் பாடத்தின் ஆசிரியர் சம்மதித்திருப்பதாகவும் சேர்த்தார். பாடத்திட்டத்தை இணைத்தார். கட்டணம் பற்றி ஒரு வரி இல்லை. நான்கு நாளில் ஒப்புதல் வந்தது.

இரண்டு மனுக்களையும் (பெயரை அழித்துவிட்டு) இன்றும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மனுவோடு வரும் மாணவர்களிடம் முதலாவதைத்தான் முதலில் படிக்கக் கொடுக்கிறேன்.

தணிக்கை அறிக்கையின் கடைசிப் பக்கம்

மே மாதம் 120 கிரெடிட்டோடு பட்டம் பெற்றார். எழுத்துப் பயிற்சி மையத்தின் அனுபவத்தைக் காட்டி, மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்கான கையேடுகளை எளிய மொழியில் எழுதும் வேலையில் சேர்ந்தார். கடைசியில் மருத்துவமனைக்குத்தான் போயிருக்கிறாள் என்று தந்தை என்னிடம் சொன்னார். கிண்டலா பெருமையா என்று குரலில் பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் கைகூடவில்லை. ஆனர்ஸ், அதாவது சிறப்புத் தகுதிக்கான, ஆய்வேடு எழுத வேண்டுமென்று மிகவும் விரும்பியிருந்தார். அதற்கு மூன்றாம் ஆண்டு மார்ச்சில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் மேஜரில் நான்கு பாடங்களை முடித்திருக்க வேண்டும். இவரிடம் மூன்று இருந்தன. நான்காவதாக நின்றிருக்க வேண்டியது அந்தக் கவிதைப் பாடம். ஏப்ரலிலேயே என்னிடம் வந்திருந்தால் அதை மதிப்பெண் முறைக்கு மாற்றிக்கொள்ள அவகாசம் இருந்தது. செமஸ்டரின் பத்தாம் வாரம்வரை மாற்றலாம் என்பது அங்கே விதி.

தணிக்கை அறிக்கையில் மேஜரின் பன்னிரண்டு பாடங்களும் ஒரு கட்டத்துக்குள் வரிசையாக நிற்கின்றன. கவிதைப் பாடம் அந்தக் கட்டத்தில் இல்லை. கடைசிப் பக்கத்தில், கரிம வேதியியலுக்கும் ஒரு விலங்கியல் ஆய்வகப் பாடத்துக்கும் நடுவே, 'இதர கிரெடிட்' என்ற தலைப்பின் கீழ், 'தேர்ச்சி' என்ற ஒற்றைச் சொல்லோடு இருக்கிறது.